மறுநாளில் தெரியும் நோய்

(மடுல்சீமையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

களைப்பைப் பற்றித் தோட்டத்து மக்களுக்கு ஒருவர் மேடையேறிச் சொல்ல வேண்டுமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான நினைப்புத்தான். ஆனால் நான் பேச வந்தது உழைத்தவருக்கு வரும் களைப்பைப் பற்றி இல்லை. நாட்பட்ட களைப்பு நோய் என்றும் எம்.ஈ. என்றும் மருத்துவர்கள் அழைக்கும் ஒரு நோயைப் பற்றிப் பேசப்போகிறேன். அது பணக்கார நாட்டு நோய், படித்தவர்களுக்கு வரும் நோய் என்ற எண்ணம் மருத்துவர்கள் மத்தியிலேயே நெடுங்காலம் இருந்தது. அது பிழை என்று காட்டியவர், அதே நோயால் பாதிக்கப்பட்ட ஒரு பேராசிரியர். அவர் காட்டிய வழியில் போனால் ஊவாத் தோட்டங்களிலும் இந்த நோய் இருக்கிறதா என்று தேடியே ஆகவேண்டும் என்பதும், இங்கே அது இதுவரை கண்ணில் படாததற்குக் காரணம் தோட்டம் ஆளைக் கணக்கிடும் முறையிலேயே இருக்கிறது என்பதும் என் வாதம்.

முதலில் நோய் எது என்று திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 பெப்ரவரியில் அமெரிக்காவின் மருத்துவ நிறுவகம் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆறு மாதத்துக்கு மேலாக, முன்பு செய்துவந்த வேலைகளைச் செய்யவிடாத, ஓய்வெடுத்தும் தீராத களைப்பு. சின்ன வேலை ஒன்றுக்குப் பிறகும் உடல் மொத்தமாகச் சரிந்துபோவது. எவ்வளவு தூங்கினாலும் தூங்கி எழுந்த தெளிவு இல்லாமை. இவற்றோடு நினைவும் கவனமும் தடுமாறுவது, அல்லது எழுந்து நின்றால் கிறுகிறுத்துப் படுக்கத் தோன்றுவது, இந்த இரண்டில் ஒன்றாவது இருப்பது. இவை சேர்ந்தால்தான் அந்த நோய் என்றது அறிக்கை. இவற்றில் இரண்டாவதைத்தான் நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். அந்தச் சரிவு பெரும்பாலும் உடனே வருவதில்லை. பல மணி நேரம் கழித்து, பலருக்கு அடுத்த நாள் வருகிறது. வந்தால் ஒரு நாள் இருக்கலாம், ஒரு வாரமும் இருக்கலாம்.

இது நோயாளியின் வாய்ப்பேச்சு மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஒருவரை நிலையான சைக்கிளில் ஏற்றி, மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் மாட்டி, முடிந்தவரை மிதிக்கவைத்து, அவர் உடல் எவ்வளவு ஒட்சிசனை எடுக்கிறது என்று அளப்பார்கள். இதயநோய்ப் பிரிவுகளில் வழக்கமாகச் செய்வதுதான். கலிபோர்னியாவில் ஒரு குழு இதையே அடுத்தடுத்து இரண்டு நாள் செய்து பார்த்தது. 51 நோயாளிகள், அவர்களோடு ஒப்பிட உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத ஆரோக்கியமான 10 பேர். 2013இல் வெளிவந்த முடிவு இது: முதல் நாள் இரண்டு கூட்டத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இரண்டாம் நாள் ஆரோக்கியமானவர்கள் முதல் நாள் மிதித்ததையே மிதித்தார்கள். நோயாளிகளால் அது முடியவில்லை. ஒட்சிசன் எடுக்கும் அளவு இறங்கியது, தாங்கும் பாரமும் இறங்கியது. முதல் நாளோடு நிறுத்தியிருந்தால் அந்த 51 பேரும் நோயற்றவர்கள் என்று எழுதி அனுப்பியிருப்பார்கள்.

இப்போது இதைத் தோட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்த நோய் உள்ள ஒரு பெண் திங்கட்கிழமை விடியப் பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்கிறாள். மலையேறுகிறாள். பிடித்துக்கொண்டு பறித்து, மாலை நிறுவையில் நாளுக்குப் பறிக்க வேண்டிய அளவான நோர்மையும் எட்டிவிடுகிறாள். கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் அவளுக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். செவ்வாய்க்கிழமை லயத்துக் காம்பிராவை விட்டு எழும்ப முடியவில்லை. செக்ரோல் என்ற அந்தப் பதிவேட்டில் வெறும் கட்டம். புதன்கிழமை இழுத்துப் பிடித்துப் போகிறாள், பாதி மலையில் உட்கார்ந்துவிடுகிறாள், அரைப்பேர். கங்காணி என்ன நினைப்பார்? திங்கட்கிழமை நன்றாகத்தானே பறித்தாள், முடியாது என்றால் அன்றைக்கும் முடியாமல்தானே இருக்க வேண்டும் என்று நினைப்பார். அந்த யோசனையில் அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு நாளையும் தனித்தனிக் கட்டமாகப் பார்க்கப் பழகிய கண் அப்படித்தான் முடிவெடுக்கும். செவ்வாயின் வெறுங்கட்டத்துக்குக் காரணம் திங்கட்கிழமையின் முழுப்பேர் என்பது அந்தப் புத்தகத்தில் எழுதக்கூடிய செய்தி இல்லை. புதன்கிழமை அவளைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பார்க்கும் மருந்துக்காரரும் காய்ச்சல் இருக்கிறதா, இரத்தஅழுத்தம் எப்படி, கண் இமைக்குள் வெளிறியிருக்கிறதா என்று பார்ப்பார். கோளாறு ஒன்றும் இல்லை என்றால் பனடோலும் விற்றமினும் கொடுத்து அனுப்புவார்.

பார்க்கிற முறையே நோயை மறைத்துவிடும் என்பது இந்த மலைநாட்டில் முன்பும் நடந்திருக்கிறது. தோட்டத் தொழிலாளி சோம்பேறி என்று துரைமார் எழுதிவைத்த காலம் ஒன்று உண்டு. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை இலங்கைத் தோட்டங்களில் தொடங்கியது. மலத்தை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது, சோதிக்கப்பட்ட தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரின் குடலில் புழு இருந்தது. இரத்தத்தை அது உறிஞ்சிக்கொண்டிருக்க, ஆளுக்குச் சோம்பல் என்று பேர் வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இதே புழுவைப் பற்றி 1902இல் சார்ள்ஸ் ஸ்ரைல்ஸ் என்ற விஞ்ஞானி சொன்னபோது, பத்திரிகைகள் சோம்பல் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது என்று எழுதின. புழு தெரிந்த பிறகும் சோம்பல் என்ற சொல்லை விட அவர்களுக்கு மனமில்லை! இங்கே நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். மலசலகூடம் கட்டும் செலவைத் தோட்டங்கள் தட்டிக்கழித்தன. வெறுங்காலோடு அதே மண்ணை மிதித்தவர்களுக்குப் புழு மறுபடி ஏறியது. இந்த வரலாற்றை இலங்கையில் பிறந்த சமூகவியலாளர் சோம ஹேவா ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார்.

கொக்கிப்புழுவை நுணுக்குக்காட்டியில் காட்டிவிடலாம். இந்த நோய்க்கு அப்படிக் காட்ட ஒன்றும் இல்லையே என்பீர்கள். உண்மை. அதனால்தான் இதன் வரலாறு இவ்வளவு கோணலாகப் போனது. 1955 ஜூலையில் இலண்டன் றோயல் ஃப்றீ ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய முந்நூறு ஊழியர்கள், பெரும்பாலும் தாதியர், ஒரே பருவத்தில் நோயில் விழுந்தார்கள். ஆஸ்பத்திரியை ஒக்டோபர் வரை மூடவேண்டி வந்தது. எம்.ஈ. என்ற பெயர் அந்தச் சம்பவத்தை ஒட்டியே வந்தது. பதினைந்து வருடம் கழித்து, 1970இல், மனநல மருத்துவர்கள் இருவர் பழைய நோயாளிக் குறிப்பேடுகளை எடுத்து வாசித்துவிட்டு, இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். விழுந்தவர்களில் பெண்கள் அதிகம் என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. விழுந்தவர்களை நேரில் அவர்கள் பரிசோதிக்கவில்லை. 1969இலேயே உலக சுகாதார நிறுவனம் இதை நரம்புமண்டல நோய்களின் வரிசையில் சேர்த்திருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1984இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஓர் ஏரிக்கரை ஊரில் மறுபடி பலர் விழுந்தபோது, பத்திரிகைகள் பணக்கார இளவட்டங்களின் காய்ச்சல் என்று கேலிப்பேர் வைத்தன.

அந்தக் கேலிக்குக் கணக்கும் துணை நின்றது. 1989 முதல் 1993 வரை அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் நான்கு நகரங்களில் மருத்துவர்களிடம், இந்த நோய் உள்ளவர் என்று நீங்கள் நினைப்பவர்களை அனுப்புங்கள் என்று கேட்டது. வந்தவர்களை எண்ணியபோது ஒரு லட்சத்துக்கு நான்கு முதல் ஒன்பது பேர் வரை தேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர், படித்தவர், வசதியுள்ளவர். அரிய நோய், மேல்தட்டு நோய் என்ற முடிவு அப்படித்தான் வந்தது. இந்தக் கணக்கை உடைத்தவர் சிக்காகோ நகரின் டிபோல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் லெனர்ட் ஜேசன். அவர் சமூக உளவியலாளர். சிறுவர்களுக்குச் சிகரெட் விற்பதைத் தடுப்பது, போதையிலிருந்து மீண்டவர்கள் சேர்ந்து வாழும் வீடுகள் என்றெல்லாம் ஆய்வு செய்துகொண்டிருந்தவர். 1989க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்தில் சுரப்பிக்காய்ச்சல் ஒன்று வந்து, அதன் பிறகு எழும்ப முடியாமல் போய், இந்த நோயோடு வாழத் தொடங்கினார். சமூக உளவியலாளர் என்பதால் அவருக்கு அந்தக் கணக்கின் ஓட்டை தெரிந்தது. மருத்துவரிடம் போக வசதி வேண்டும். போனால் அவர் நம்ப வேண்டும். நம்பினால் அந்த நோயின் பெயர் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்று வாசலையும் தாண்டியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, நோயே அந்த வகுப்பாருக்குத்தான் வருகிறது என்று சொல்வது என்ன கணக்கு?

ஜேசன் குழு ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு ஊருக்குள் போனது. சிக்காகோவில் எழுந்தமானமாகத் தெரிந்தெடுத்த 18,675 பேரிடம் தொலைபேசியில் கேள்வி கேட்டார்கள். சந்தேகத்துக்குரியவர்களை அழைத்து உளநலப் பரிசோதனையும் முழு உடற்பரிசோதனையும் செய்தார்கள். யாருக்கு நோய் என்ற முடிவை வேறொரு மருத்துவர் குழுவிடம் விட்டார்கள். 1999இல் வெளிவந்த விடை: ஒரு லட்சத்துக்கு 422 பேர். பழைய கணக்கின் மேலெல்லையைப் போலவே ஏறக்குறைய ஐம்பது மடங்கு. பெண்களில் 522, ஆண்களில் 291. வெள்ளையரில் 318, கறுப்பினத்தவரில் 337, ஸ்பானிய வழித்தோன்றல்களில் 726. படிப்புக் குறைந்தவரிடமும் தொழில்நிலை குறைந்தவரிடமும் நோய் கூடுதலாகவே இருந்தது. கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குத் தங்களுக்கு இன்ன நோய் என்று அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. இருபது வருடம் கழித்து இதே குழு பிள்ளைகளிடம் போனது. 5 முதல் 17 வயது வரை பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களை எடுத்துப் பார்த்ததில் 0.75 சதவீதம் பேருக்கு நோய். அவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட நோயின் பேர் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறான் என்று நாம் முடிவுகட்டும் பிள்ளைகளைப் பற்றி இங்கே உள்ள ஆசிரியர்கள் யோசிக்க வேண்டிய கணக்கு இது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது என்ன என்று பார்க்க வேண்டும். முதல் ஆட்சேபம் ஆய்வாளரைப் பற்றியது. தானே நோயாளி, நோயாளிகளுக்காகக் குரல் கொடுப்பவர், அரசின் ஆலோசனைக் குழுவில் இருந்து வாதாடியவர், அவர் எண்ணினால் எண்ணிக்கை கூடத்தானே செய்யும்? கேட்க வேண்டிய கேள்விதான். பதில் 2000களில் நடந்ததில் இருக்கிறது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் நோயின் வரையறையைத் தளர்த்தி, ஜோர்ஜியா மாநிலத்தில் எண்ணி, 2007இல் 2.54 சதவீதம் என்றது. அதாவது ஜேசனின் கணக்கைப் போல் ஆறு மடங்கு. நோயாளிகளின் தொகையைப் பெருக்குவதுதான் அவர் நோக்கமாக இருந்திருந்தால் அதைக் கைதட்டி வரவேற்றிருப்பார். அவர் அதற்கு எதிராக எழுதினார். அந்தத் தளர்ந்த வரையறையை வைத்துப் பார்த்தால் கடும் மனச்சோர்வு உள்ளவர்களில் 38 சதவீதம் பேர் தவறாக இந்த நோயாளிகள் ஆகிவிடுகிறார்கள் என்று 2009இல் காட்டினார். வேறு நோய்க்காரரைச் சேர்த்தால் மருந்து தேடும் ஆராய்ச்சியே குழம்பிப்போகும் என்பது அவருக்குத் தெரியும். நோயாளியாக இருந்ததால் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரிந்தது. விடை வந்த விதத்தில் அவர் கை நுழைய இடம் வைத்திருக்கவில்லை. இதைவிட நேர்மையை நோயில்லாத ஆய்வாளரிடமும் நாம் எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. அது இந்த ஊருக்கே உரியது. தோட்டத்தில் எல்லாப் பெண்களும்தான் களைத்திருக்கிறார்கள். இரத்தச்சோகை, பாதிச் சாப்பாடு, விடிகாலை நாலு மணி அடுப்பு, குடிக்கும் புருஷன், கடன். இதற்கெல்லாம் ஒரு நோய்ப்பேர் வைத்தால் வறுமையை மருந்துப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியது போலாகும் என்பார்கள். தொழிற்சங்கத்து நண்பர்கள் இதை உரக்கவே சொல்வார்கள், சொல்ல வேண்டும். இந்தியாவின் கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழு செய்த ஆய்வு அவர்களுக்குப் பெரும்பகுதி துணை நிற்கிறது. 2005இல் வெளிவந்த அந்த ஆய்வில் 18 முதல் 50 வயதுப் பெண்களில் 12.1 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்கு மேலாகக் களைப்பு என்றார்கள். கடன், பசி, கணவனின் வன்முறை, வீட்டில் சொந்த முடிவு எடுக்க முடியாமை, மனத்துயரம், இவையெல்லாம் அந்தக் களைப்போடு சேர்ந்து நின்றன. வியப்பு என்னவென்றால் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவுக்கும் அந்தக் களைப்புக்கும் தொடர்பு காணப்படவில்லை. களைப்பா, இரும்புச்சத்து மாத்திரை என்று நாம் வைத்திருக்கும் வாய்ப்பாடு எல்லா இடத்திலும் செல்லாது என்றாகிறது.

ஆனால் கோவாவின் 12 சதவீதத்தையும் சிக்காகோவின் 0.42 சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது களைப்பு என்ற முறைப்பாடு; இரண்டாவது அந்தக் குறிப்பிட்ட நோய். களைத்தவர்கள் கூட்டத்துக்குள் இந்த நோயாளிகள் சிறு தொகையினராக மறைந்து நிற்கிறார்கள். எல்லோரும் களைத்திருக்கும் ஊரில் மறைவது இன்னும் எளிது. சிக்காகோவின் விகிதத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. எண்ணிப் பார்க்காமல் யாரும் சொல்லக்கூடாது. கணக்குக்காக மட்டும் வைத்துக்கொண்டால், வயதுவந்தோர் ஆயிரம் பேர் உள்ள ஒரு தோட்டத்தில் நான்கு பேர். அந்த நான்கு பேருக்கு நல்ல சாப்பாடும் கூடிய சம்பளமும் கட்டாயம் உதவும், நோய் தீராது. மற்றவர்களுக்குச் சாப்பாடும் சம்பளமும்தான் மருந்து, நோய்ப்பேர் வேண்டியதில்லை. இருவரையும் பிரித்தறிவதால் வறுமைக்கு எதிரான வழக்கு எந்த வகையிலும் பலவீனப்படாது. ஒருவர் தேய்வது கூலியாலா, நோயாலா, இரண்டாலுமா என்று தெரிந்துவிட்டால் துரையிடம் கேட்க வேண்டியது எது, டொக்டரிடம் கேட்க வேண்டியது எது என்று தெளிவாகும்.

இங்கே இந்த நோய் இருக்கக் காரணம் உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்வேன். நோயாளிகளில் பலருக்கு இது ஒரு தொற்றுக்காய்ச்சலைத் தொடர்ந்து வருகிறது. அவுஸ்திரேலியாவில் டப்போ என்ற நாட்டுப்புற ஊரில் 253 பேரைக் காய்ச்சல் கண்ட நாளிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். 2006இல் முடிவு வந்தது. சுரப்பிக்காய்ச்சல், ஆடுமாடுகளிடமிருந்து தொற்றும் கியூ காய்ச்சல், நுளம்பு பரப்பும் றொஸ் றிவர் காய்ச்சல் என்று மூன்று வெவ்வேறு கிருமிகள். மூன்றிலும் ஆறு மாதம் கழித்து 11 சதவீதம் பேருக்கு இந்த நோய். யாருக்கு வரும் என்பதை அவர்களின் மனநிலை தீர்மானிக்கவில்லை. காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பது தீர்மானித்தது. றொஸ் றிவர் வைரஸ் நம் சிக்குன்குனியாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. 2006இலும் 2007இலும் சிக்குன்குனியா இலங்கையில் எப்படி வீசியது என்பதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டெங்கு வருடம் தவறாமல் வருகிறது. கொவிட் வந்துபோனது. ஜேசன் குழு பல்கலைக்கழக மாணவர் 4,501 பேரைச் சேர்த்துக் காத்திருந்து, சுரப்பிக்காய்ச்சல் வந்த 238 பேரில் 55 பேருக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு இந்த நோய் என்று காட்டியது. நமது நாட்டில் பேராசிரியர் அதுல சுமதிபாலவும் குழுவினரும் கொழும்பு மாவட்டத்து இரட்டையர்களை வைத்துக் களைப்பையும் மனச்சோர்வையும் ஒப்பிட்டு 2010இல் எழுதினார்கள். அப்படியென்றால் இலங்கையில் இதை ஆராயத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கொழும்பு மாவட்டத்துக்கும் மடுல்சீமைக்கும் நடுவே பல மலை இருக்கிறது, அவ்வளவுதான். 2025இல் எடின்பரோவிலிருந்து வந்த மாபெரும் மரபணு ஆய்வு மனித மரபணுத்தொகுப்பின் எட்டு இடங்களில் இந்த நோயின் தடயம் கண்டது. அதில் கணக்கில் எடுக்கப்பட்ட பதினையாயிரத்துச் சொச்சம் நோயாளிகளும் ஐரோப்பிய மரபினர். நம்மவர் இரத்தம் அதில் ஒரு துளி இல்லை.

மூன்றாவது ஆட்சேபத்தை மருத்துவர்கள் எழுப்புவார்கள். தீர்க்க மருந்தில்லாத நோயைக் கண்டுபிடித்து என்ன பயன், எழுந்து நடமாடச் சொல்லி உற்சாகப்படுத்துவதே மேல் என்பார்கள். பிரித்தானியாவில் அந்த யோசனையை 641 பேரை வைத்துப் பரீட்சித்தார்கள். படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினால் நிலைமை ஓரளவு மேம்படும் என்று 2011இல் முடிவு வெளியிட்டார்கள். 2013இல் அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் மீண்டார்கள் என்றார்கள். நோயாளிகள் உள்ளே என்ன நடந்தது என்று விடாமல் கேட்டதன் பேரில் 2016இல் ஒரு தீர்ப்பாயம் தரவுகளை வெளியிடச் சொன்னது. உடல் இயங்கும் திறனுக்கு நூறு புள்ளி அளவுகோல் ஒன்று வைத்திருந்தார்கள். ஆய்வில் சேர 65 அல்லது அதற்குக் குறைந்த புள்ளி இருக்க வேண்டும். மீண்டவர் என்று சொல்ல 60 போதும்! 65இல் உள்ளே வந்தவர் 60க்கு இறங்கிவிட்டாலும் அந்த அளவுகோலில் குணமானவர் வரிசையில் நிற்கலாம். முதலில் அறிவித்திருந்த அளவுகோலைத் திரும்ப வைத்துக் கணக்கிட்டபோது மீண்டவர் தொகை ஒற்றை இலக்கச் சதவீதத்துக்கு விழுந்தது. 2021 ஒக்டோபரில் பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டல் நிறுவனம் அந்த உடற்பயிற்சிச் சிகிச்சையை இந்த நோயாளிகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று எழுதியது. ஆகவே நோயின் பேர் தெரிவதால் வரும் முதற்பயன் மருந்து இல்லை. செய்யக்கூடாததைச் செய்யாமல் விடுவதுதான் அது. இருக்கும் பலத்துக்குள் வேலையை அளந்து செய்தால் சரிவு குறைகிறது என்பதையும் ஜேசன் தம் ஆய்வுகளில் எழுதிவருகிறார்.

அளந்து வேலை செய்வது பேராசிரியருக்கு முடியும், நாட்கூலிக்காரிக்கு முடியுமா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இந்த இடத்தில் நோய் மருத்துவத்தின் கையை விட்டுக் சம்பள முறையின் கைக்குப் போகிறது. தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்த 2013ஆம் ஆண்டு கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபா. அதன் மேல் 140 ரூபா வருகைக் கொடுப்பனவு, நூற்றுக்கு 75 நாள் வேலைக்கு வந்தவருக்கு. ஒரு நாளின் சம்பளத்தில் ஏறக்குறைய கால்வாசி, இன்னொரு நாள் வந்தாரா என்பதில் தொங்கியது. மறுநாள் சரிந்து விழும் நோயுள்ள ஒருத்தி வராத நாளின் சம்பளத்தையும் இழந்தாள், வந்த நாட்களின் கொடுப்பனவையும் இழந்தாள். 2019 ஒப்பந்தத்தில் அந்தக் கொடுப்பனவு எடுபட்டது. 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1,550 ரூபாவாகி, அதன்மேல் அரசாங்கம் கொடுக்கும் 200 ரூபா வருகை ஊக்குவிப்பாகவே திரும்பி வந்திருக்கிறது. உயர்வை நான் குறை சொல்லவில்லை. கொடுக்கிற விதத்தில் நோயாளி மறுபடி அடிபடுகிறாள் என்பதைச் சொல்கிறேன். பிள்ளைமடுவம், நாற்றுமேடை, இருந்து செய்யும் வேலை என்று தோட்டத்தில் இலேசான வேலைகள் இல்லாமல் இல்லை. அவற்றை யாருக்குக் கொடுப்பது என்பதில் பழக்கமும் தயவும்தான் இப்போது பேசுகின்றன.

அப்படிச் சலுகை கொடுத்தால் எல்லோரும் அந்த நோய் என்று வந்து நிற்க மாட்டார்களா என்பது தோட்ட நிர்வாகத்தின் கேள்வி. நாட்கூலி வாங்கும் ஊரில் வேலைக்கு வராதவருக்கு அன்றைய சம்பளம் இல்லை. பொய்யாகப் படுத்துக்கிடந்து சம்பாதிக்க இங்கே என்ன இருக்கிறது? மாதச் சம்பளமும் சுகவீன லீவும் உள்ள உத்தியோகத்தரைப் பற்றி இந்தச் சந்தேகத்தை எழுப்பினால் அதிலாவது ஒரு பொருள் இருக்கும். தவிர, கள்ளத்தைப் பிடிக்கும் வழியும் நோயிலேயே இருக்கிறது. இரண்டு நாள் சைக்கிள் சோதனையில் இரண்டாம் நாள் வீழ்ச்சியை நடிப்பது கடினம். முழுப்பலத்தையும் போட்டு மிதித்தாரா என்பதை வெளிவிடும் மூச்சின் வாயு விகிதமே காட்டிக்கொடுக்கும். அந்தச் சோதனை நோயாளியைக் கடுமையாகச் சரிக்கவும் கூடும் என்பதால் எல்லோருக்கும் செய்யச் சொல்ல மாட்டேன்.

சோதனைக்கூடம் இல்லாமலே தொடங்கலாம். டிபோல் பல்கலைக்கழகத்தில் ஜேசன் குழு உருவாக்கிய கேள்விக்கொத்து இலவசமாகக் கிடைக்கிறது. அதில் மறுநாள் சரிவைப் பற்றிய பகுதி ஐந்தே கேள்வி. பெரிய வேலை ஒன்றும் செய்யாமலே அடுத்த நாள் உடம்பு வலிக்கிறதா, கொஞ்சம் யோசித்தாலே தலை ஓய்ந்துபோகிறதா, சின்ன வேலைக்குப் பிறகு நோய் வந்தது போல் விழுகிறதா என்ற மாதிரிக் கேள்விகள். அது எத்தனை தடவை, எவ்வளவு கடுமை, எத்தனை மணி நேரம் நீடிக்கிறது என்று தொடர்ந்து கேட்கும். லயம் லயமாக ஏறி இறங்கும் குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இதையும் கேட்கலாம். ஆம் என்பவர்களைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இரத்தச்சோகை, தைரொயிட், நீரிழிவு, சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்த்துக் கழித்த பிறகு மிஞ்சுபவர்களை எண்ண வேண்டும். மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதியும், ஒரு பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவின் ஒப்புதலும் இருந்தால் ஒரு தோட்டத்தில் ஒரு வருடத்தில் இதைச் செய்து முடிக்கலாம். நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது என்பதால் அதையும் வாங்கத்தான் வேண்டும். ஆனால் யார் என்ன பதில் சொன்னார் என்ற தாள் தோட்ட அலுவலகத்தின் மேசைக்குப் போகக்கூடாது. போனால் அடுத்த மாதம் ஆம் என்றவர்களின் பெயர் செக்ரோலில் இருக்குமோ என்னவோ. அந்தப் பயம் உள்ளவரை எந்தக் கதவைத் தட்டிக் கேட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கேன் என்ற பதில்தான் வரும்.